பட்டனை அமுக்குவதற்கு முன்னால்... லேசர் கட்டிங் பட்டறையில் கம்ப்யூட்டர் கற்றுத்தரும் பாடங்கள்!

கல்யாண மண்டப வாசலில் மணமக்கள் பெயர் செதுக்கிய மரப்பலகை. வளைகாப்பு முடிந்து கிளம்பும்போது கையில் தரப்படும் சின்ன மரப்பெட்டி. மாவைத் தூவி எடுத்தால் நொடியில் விழுந்துவிடும் கோல அச்சு. காதில் ஆடும் எடை இல்லாத மரக்கம்மல். இன்று எந்த ஊர்க் கடைவீதியிலும் கிடைக்கும் இந்தப் பொருள்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன... லேசர் கட்டிங் இயந்திரத்துக்குள்.

அந்த இயந்திரத்தைச் சொந்தமாக வாங்கி வைப்பது எல்லோராலும் முடியாது. விலை ஒரு பக்கம். புகை வெளியேற வழி, தண்ணீர்க் குளிரூட்டல், தீ பிடித்தால் அணைக்க ஏற்பாடு என்று வீட்டுக்குள் அடங்காத தேவைகள் இன்னொரு பக்கம். அதனால்தான் பலரும் சேர்ந்து பயன்படுத்தும் பொதுப்பட்டறைகள் வந்தன. ‘ஃபேப் லேப்’, ‘மேக்கர் ஸ்பேஸ்’ என்று பல பெயர்கள். பயிற்சி எடுத்துக்கொண்டு, நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் கட்டி, யார் வேண்டுமானாலும் தங்கள் பொருளைச் செய்துகொள்ளலாம்.

இப்படிப்பட்ட பட்டறைக்கு முதல்முறை போகிறவர்களின் கண் இயந்திரத்தின் மேல்தான் இருக்கும். ஆனால், பலகை வீணாவதும், அளவு தப்புவதும், பணம் கரைவதும் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் திரையில்தான் தொடங்குகின்றன. லேசருக்குச் சொந்த புத்தி கிடையாது. மென்பொருளில் என்ன சொல்லப்படுகிறதோ, அதை அப்படியே எரித்துவிட்டுப் போய்விடும்.

பாராமதியும் பாபலும்

லேசர் கட்டிங் என்றதும் வெளிநாட்டுச் சமாசாரம் என்று தோன்றலாம். அதன் கதையில் நம் நாட்டுக்கு இரண்டு முக்கியமான இடங்கள் உண்டு. இரண்டுமே மகாராஷ்டிராவின் புனே மாவட்டத்தில் இருக்கின்றன.

முதல் இடம் பாராமதி. அங்கே 1938-ல் பிறந்தவர் குமார் படேல். புனேயில் இன்ஜினீயரிங் படித்து, அமெரிக்கா சென்று, பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1964-ல் அவர் உலகுக்குக் கொடுத்ததுதான் கார்பன் டை ஆக்சைடு லேசர். இன்று மரப்பலகையும் அக்ரிலிக்கும் வெட்டும் பட்டறை இயந்திரங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதன் கதிர் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால், மரம், காகிதம், துணி, தோல், அக்ரிலிக் எல்லாம் இதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் இவ்வளவு சுத்தமாக வெட்டுகிறது.

இரண்டாவது இடம் பாபல் என்ற கிராமம். ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்த டாக்டர் எஸ்.எஸ்.கல்பாக், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்குக் கைத்தொழில் மூலம் கல்வி தர 1983-ல் அங்கே ‘விக்யான் ஆசிரமம்’ தொடங்கினார். அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி’ என்ற பொருளில் 1998-ல் ஒரு வகுப்பைத் தொடங்கினார். அந்த முயற்சியிலிருந்து கிளைத்ததுதான் ஃபேப் லேப். எம்.ஐ.டி வளாகத்துக்கு வெளியே அமைந்த முதல் ஃபேப் லேப்களில் ஒன்று, 2002-ல் இந்தப் பாபல் கிராமத்துக்குத்தான் வந்தது.

இன்று உலகமெங்கும் ஆயிரத்துக்கும் அதிகமான ஃபேப் லேப்கள் இருக்கின்றன. பக்கத்து மாநிலமான கேரளாவில், ஸ்டார்ட்அப் மிஷன் நடத்தும் ஃபேப் லேப்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இயங்குகின்றன.

படமா, கோடா?

வீட்டிலிருந்தபடியே பரிசுப்பொருள் செய்து விற்கும் ஒரு பெண்மணி, வளைகாப்புக்கு 50 மரப்பெட்டிகள் ஆர்டர் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூடியில் பெயர், சுற்றிலும் மாங்காய் டிசைன். விசேஷத் தேதி குறித்தாகிவிட்டது. பலகையும் அளவாகத்தான் வாங்கியிருக்கிறார். போனில் வைத்திருக்கும் டிசைன் படத்தோடு பட்டறைக்குப் போகிறார். முதல் தடங்கல் அங்கேயே வரும்.

போனில் இருப்பது புள்ளிகளால் ஆன படம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். வெட்டுவதற்கு லேசருக்குத் தேவை புள்ளிகள் அல்ல, கோடு. ‘இங்கே தொடங்கி, இப்படி வளைந்து, அங்கே முடி’ என்று சொல்லும் கோட்டுப்படத்தை வெக்டர் என்பார்கள். எஸ்.வி.ஜி, டி.எக்ஸ்.எஃப் ஆகியவை இந்த வகை ஃபைல்கள்.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ‘இங்க்ஸ்கேப்’ என்ற இலவச மென்பொருளில் கோட்டுப்படம் வரையலாம். இருக்கும் படத்தின் ஓரங்களைத் தடம் பிடித்துக் கோடாக மாற்றும் வசதியும் அதில் உண்டு. பெட்டி செய்வதற்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ‘பாக்ஸஸ்.பை’, ‘மேக்கர்கேஸ்’ போன்ற இணையக் கருவிகளில் நீளம், அகலம், உயரம், பலகையின் தடிமன் ஆகியவற்றைக் கொடுத்தால், பற்கள் கோத்து மாட்டும் பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் அவையே வரைந்து கொடுத்துவிடும்.

தயாரான ஃபைலை இயந்திரத்துக்குப் புரியவைப்பது இரண்டாவது மென்பொருளின் வேலை. பொதுப்பட்டறைகளில் ‘லைட்பர்ன்’ பரவலாகப் பயன்படுகிறது. இது கட்டண மென்பொருள். சீனத் தயாரிப்பான ‘ரூய்டா’ கன்ட்ரோலர் கொண்ட இயந்திரங்களோடு வருவது ‘ஆர்.டி.வொர்க்ஸ்’. வீட்டு மேஜையில் வைக்கும் சிறிய டையோடு லேசர்களுக்கு இலவசமான ‘லேசர் ஜி.ஆர்.பி.எல்’ உண்டு. பெயர்கள் வேறு வேறு என்றாலும் அடிப்படை ஒன்றுதான்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

பெயரை டைப் செய்து, ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால், பட்டறைக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாமல் போகலாம். ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்து நிற்கும். எழுத்தைக் கோடாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். ஆனால், அதற்குப் பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. பெயரைச் சம்பந்தப்பட்டவர்களிடம் ஒருமுறை காட்டிவிட்டு மாற்றுவது நல்லது.

பெயர்ப்பலகைக்கு எழுத்துகளைத் தனியாக வெட்டி எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ‘ம்’ என்ற எழுத்தின் புள்ளி தனித் துண்டாக உதிரும். ‘கா’ என்றால் துணைக்கால் தனியாக வந்துவிடும். ஒட்டும்போது எந்தப் புள்ளி எந்த எழுத்துக்கு என்று தேட வேண்டியதுதான். எல்லாவற்றையும் ஒரு அடிக்கோட்டில் இணைத்துவிட்டால் பெயர் ஒரே துண்டாக வரும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், அவற்றை ஒன்றாக இணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஏறிய இடத்திலும் லேசர் வெட்டும்.

கோல அச்சு செய்கிறவர்களுக்குப் பிரச்னை நேர்மாறு. இங்கே எழுத்தோ டிசைனோ ஓட்டையாக வர வேண்டும். ‘வ’ எழுத்தின் சுழிக்குள் இருக்கும் பகுதியைத் தாங்க எதுவும் இல்லை, அதனால் அது கீழே விழுந்துவிடும். சிக்குக் கோலத்தில் இப்படிப்பட்ட வளையங்கள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய ‘பாலம்’ விட்டு வரைந்தால்தான் அச்சு நிற்கும்.

சிவப்புக்கு ஒரு வேலை, கறுப்புக்கு ஒரு வேலை

லேசர் மென்பொருளில் நிறம் என்பது அழகுக்கு அல்ல, கட்டளைக்கு. பல பட்டறைகளில் சிவப்புக் கோடு என்றால் வெட்டு, கறுப்பு என்றால் மேலோட்டமாகச் செதுக்கு என்று வழக்கம். ஒவ்வொரு நிறமும் ஒரு அடுக்கு. அந்த அடுக்குக்கு வேகம் எவ்வளவு, சக்தி எவ்வளவு, எத்தனை முறை ஓட வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லலாம். மெதுவாக, அதிக சக்தியோடு போனால் பலகை அறுபடும். வேகமாக, குறைந்த சக்தியோடு போனால் மேலே தடம் மட்டும் விழும்.

வரிசையும் முக்கியம். முதலில் செதுக்கல், அடுத்து உள்ளே இருக்கும் ஓட்டைகள், கடைசியில் வெளிக்கோடு. வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்துவிடும். பிறகு விழும் பெயர் கோணலாகத்தான் விழும். மென்பொருளிலேயே ‘உள்வடிவங்கள் முதலில்’ என்ற தேர்வு இருக்கிறது.

இணையத்திலிருந்து எடுத்த டிசைன்களில் ஒரே கோடு இரண்டு தடவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது உண்டு. கண்ணுக்கு ஒரு கோடுதான். லேசர் இரண்டு தடவை ஓடும். விளிம்பு கருகும், நேரமும் இரட்டிப்பாகும். இரட்டைக் கோடுகளை நீக்கும் கட்டளையை ஒருமுறை கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

வேகத்தின் அலகையும் பார்க்க வேண்டும். சில மென்பொருள்கள் விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கும். சில, நிமிடத்துக்கு இத்தனை என்று கேட்கும். விநாடிக்கு 10 மில்லிமீட்டர் என்பதும் நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் என்பதும் ஒன்றே. எண்ணை மட்டும் பார்த்து அலகைக் கவனிக்காவிட்டால், வேகம் 60 மடங்கு மாறிவிடும். ஒன்று, பலகையில் கீறல்கூட விழாது. அல்லது, பலகை தீப்பிடிக்கும்.

பணம் கரையும் இடம்

பட்டறையில் கட்டணம் நேரத்துக்குத்தான் என்றால், டிசைனே பில்லைத் தீர்மானிக்கிறது. ஒரு எளிய கணக்கு. 10 சென்டிமீட்டர் சதுரத்தின் ஓரத்தை வெட்ட லேசர் 400 மில்லிமீட்டர் நகர வேண்டும். விநாடிக்கு 15 மில்லிமீட்டர் வேகத்தில் 27 விநாடியில் வேலை முடியும்.

அதே சதுரத்தின் உட்பகுதி முழுவதையும் செதுக்கினால்? நெல் வயலில் உழுவதுபோல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் லேசர் போய்வர வேண்டும். வரிக்கு வரி இடைவெளி 0.1 மில்லிமீட்டர் என்றால் 1,000 வரிகள். மொத்தம் 100 மீட்டர் ஓட்டம். விநாடிக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினாலும் ஐந்தரை நிமிடத்துக்குமேல் ஆகும். ஓரங்களில் திரும்பும் நேரம் தனி. 50 மூடிகள் என்றால் நாலரை மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

இங்கேதான் அந்தப் பெண்மணி முடிவெடுக்க வேண்டும். பின்னணி முழுவதையும் செதுக்கி மாங்காயை எழும்பி நிற்கச் செய்யாமல், மாங்காயின் கோட்டை மட்டும் மெல்லிய தடமாகப் போட்டால் ஒவ்வொரு மூடியும் சில விநாடிகளில் முடிந்துவிடும். மென்பொருளில் உள்ள ‘ப்ரிவ்யூ’ பட்டன், வேலை எந்த வரிசையில் நடக்கும், உத்தேசமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே காட்டிவிடும். வாடிக்கையாளரிடம் விலை சொல்வதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்டால், லாபம் புகையோடு போகாது.

முடி அளவு வித்தியாசம்

பெட்டியின் பற்கள் ஒன்றோடொன்று கோக்கும்போது லொடலொடவென்று ஆடினால், காரணம் பெரும்பாலும் கதிரின் அகலம். ரம்பம் அறுக்கும்போது மரத்தூள் போவதைப்போல, லேசரும் ஒரு மெல்லிய பட்டையை எரித்துவிடுகிறது. அது 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டராக வரைந்த துண்டு 49.8 ஆக வரும். 50 மில்லிமீட்டர் ஓட்டை 50.2 ஆகிவிடும்.

இதை அளக்க எளிய வழி உண்டு. 10 மில்லிமீட்டர் அகலத்தில் 10 துண்டுகளை வரிசையாக வெட்டி, நெருக்கி வைத்து அளக்க வேண்டும். 100 இருக்க வேண்டிய இடத்தில் 98 இருந்தால், இரண்டை 10-ஆல் வகுத்தால் 0.2. லைட்பர்னில் இதற்கான ஈடுகட்டும் பெட்டியில் அதில் பாதியை, அதாவது 0.1 என்று கொடுத்தால் போதும். கோடு அந்த அளவு தள்ளிப்போகும், துண்டு சரியான அளவில் வரும்.

கடையில் ‘3 எம்.எம்’ என்று விற்கும் எம்.டி.எஃப் பலகை அச்சாக 3 மில்லிமீட்டர் இருக்கும் என்று நம்பவும் முடியாது. வெர்னியர் அளவுகோலால் அளந்து, அந்த எண்ணைத்தான் பெட்டி வரையும் கருவியில் கொடுக்க வேண்டும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மொத்தப் படமும் பெரிதாகவோ சிறிதாகவோ மாறுவதும் உண்டு. 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை ஃபைலின் ஓரத்தில் வரைந்து வைத்தால், இயந்திரத்தின் மென்பொருளில் திறந்ததும் அது 100-ஆகவே இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

எந்தப் பொருளை வைக்கவே கூடாது?

இதுவரை சொன்ன பிழைகளில் போவது பலகையும் பணமும். இனிச் சொல்வதில் போவது உடம்பு.

பி.வி.சி கலந்த எதையும் லேசரில் வைக்கக் கூடாது. அதில் குளோரின் இருக்கிறது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். நுரையீரலையும் கண்ணையும் பதம் பார்க்கும். இயந்திரத்தின் இரும்புப் பாகங்களைத் துருவாக்கிவிடும். பொதுப்பட்டறை என்பதால், ஒருவர் செய்யும் தவற்றின் புகையை எல்லோரும் சுவாசிக்க வேண்டியிருக்கும்.

நம் ஊரில் பி.வி.சி பல வேஷங்களில் வரும். தோல்போலத் தெரியும் ரெக்ஸின், ஃப்ளெக்ஸ் பேனர், வினைல் ஸ்டிக்கர், விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்போர்டு... எல்லாம் இந்த ரகம்தான். கடைக்காரர் வெறுமனே ‘பிளாஸ்டிக் ஷீட்’ என்று சொன்னால் அதை நம்பி வைக்கக் கூடாது. அது எந்தப் பிளாஸ்டிக் என்று உறுதியாகத் தெரியாத எதுவும் வெளியேதான் இருக்க வேண்டும். பாலிகார்பனேட் ஷீட் பார்வைக்கு அக்ரிலிக் மாதிரியே இருக்கும். லேசர் பட்டால் மஞ்சளாகக் கருகித் தீப்பிடிக்கும்.

மென்பொருளுக்கு இது எதுவும் தெரியாது. மேஜையில் இருப்பது மரமா, ரெக்ஸினா என்று அது கேட்காது. பார்த்துச் சொல்ல வேண்டியது மனிதர்தான்.

ஒரே இயந்திரம், பல கைகள்

வீட்டு அடுப்பைப் போலத்தான் பட்டறை இயந்திரமும். ஒருவர் உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டி வைத்தால், அடுத்தவர் சமையல் கெட்டுவிடும். மென்பொருளில் ‘3 எம்.எம் எம்.டி.எஃப்’ என்று சேமித்து வைத்த எண்களைத் தன் வசதிக்கு மாற்றி, அதே பெயரில் சேமித்துவிட்டுப் போகிறவரால் அடுத்து வருகிறவரின் பலகை கருகும். தன் எண்களைத் தன் பெயரில் தனியாகச் சேமிப்பதே முறை.

சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. லேசர்க் குழாய் நாளாக ஆகச் சக்தி இழக்கும். லென்ஸில் புகை படிந்தாலும் அப்படித்தான். போன வருடம் அறுத்த எண்ணில் இந்த வருடம் அறுபடாமல் போகலாம். அதற்குத்தான் சோதனைக் கட்டம். வேகத்தையும் சக்தியையும் படிப்படியாக மாற்றி, சின்னச் சின்னச் சதுரங்களை ஒரு துண்டுப் பலகையில் வெட்டிக் காட்டும் வசதி லைட்பர்னிலேயே இருக்கிறது. எந்தச் சதுரம் கருகாமல் கீழே விழுகிறதோ, அன்றைக்கு அதுதான் சரியான அளவு.

தொடங்கும் முன் ஐந்து விஷயங்கள்

* குளிரூட்டும் தண்ணீர் ஓடுகிறதா? ஓடாவிட்டால் கண்ணாடிக் குழாய் சூடேறி விரிசல் விடும்.

* எக்ஸாஸ்ட் மின்விசிறியும், கதிர் படும் இடத்தில் காற்றை ஊதும் கம்ப்ரஸரும் ஓடுகின்றனவா? காற்று ஊதினால்தான் சுடர் எழாமல் அடங்கும்.

* பலகையின் உயரத்துக்கு ஏற்ப ஃபோகஸ் சரி செய்தாகிவிட்டதா?

* ‘ஃப்ரேம்’ பட்டனை அழுத்திப் பார்த்தாயிற்றா? லேசர் எரியாமலே, வேலை நடக்கப்போகும் எல்லையை இயந்திரம் சுற்றிக்காட்டும். டிசைன் பலகையை விட்டு வெளியே போகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

* தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா? இயந்திரம் ஓடும்போது டீ குடிக்கப் போவது, போன் பேச வெளியே போவது எல்லாம் கூடவே கூடாது. பட்டறைகள் எல்லாவற்றிலும் முதல் விதி இதுதான்.

சிறிய டையோடு லேசர் வைத்திருக்கும் இடங்களில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அதன் நீலக்கதிர், சாதாரண அக்ரிலிக்கைத் தாண்டிக் கண்ணுக்கு வந்துவிடும். அதற்கென்றே உள்ள கண்ணாடியை அணியாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது. பிள்ளைகளை அழைத்துப்போகும் பெற்றோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

இவ்வளவும் கேட்டால் மலைப்பாக இருக்கலாம். ஆனால், பாதிக்கு மேற்பட்ட வேலை வீட்டிலேயே, பட்டறை மீட்டர் ஓடாத நேரத்தில் முடியக்கூடியது. வரைவது, எழுத்தைக் கோடாக்குவது, அளவைச் சரிபார்ப்பது, இரட்டைக் கோடுகளை நீக்குவது... இவற்றுக்குத் தேவை ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் பொறுமையும்தான். முதல் நாளே 50 பெட்டிக்கான பலகையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒரே ஒரு பெட்டியை வெட்டி, கோத்து, மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, மீதி 49-க்குப் பட்டனை அமுக்கினால் போதும்.